வெலிங்டனில் ஓர் அரிவாள்மணை

உட்காருங்கள் தம்பி. அந்த சோபாவில் உட்காருங்கள். நான் தரையில் இருக்கிறேனே என்று நீங்களும் தரையில் இறங்க வேண்டாம். நான் இங்கே உட்கார்ந்திருப்பதற்குச் சட்டபூர்வமான காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்க வந்த கதையே அதுதான். கை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் உங்களுக்குத்தான்.

கோயில் செயலாளர் போனில் சொன்னார். "அண்ணாச்சி, திண்டுக்கல் பையன் ஒருத்தன் புதுசா கல்யாணம் ஆகி வந்திருக்கான். ஊர்லேர்ந்து அம்மிக்கல் வரவழைச்சிருக்கான். சுங்கத்துல பிடிச்சு வச்சுக்கிட்டாங்களாம். என்ன செய்யன்னு தெரியாம முழிக்கான், உங்ககிட்ட அனுப்புதேன்" என்றார். சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். இந்த வெலிங்டன் நகரத்தில், அதாவது நியூசிலாந்து வெலிங்டனில், நான் நீலகிரி வெலிங்டனைச் சொல்லவில்லை. ஊரில் சிலர் இன்னும் நான் குன்னூர்ப் பக்கம் குடியேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, வருகிற கோடையில் குடும்பத்தோடு வந்து தங்கட்டுமா என்று கேட்கிறார்கள். அது கிடக்கட்டும். இந்த நகரத்தில் சுங்க அதிகாரிகளிடம் நேருக்கு நேர் வாதாடி ஒரு பொருளை மீட்டவன் நம்மவர்களில் நான் ஒருவன்தான்.

அந்தப் பொருள் இதுதான். என் கால் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, இந்தப் பலகை. இதில் நட்டிருக்கிற இந்த அரிவாள். நுனியில் தேங்காய்த் துருவி. தென்காசி அரிவாள்மணை. கிட்ட வராதீர்கள், இப்போதுதான் சாணை பிடித்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குற்றாலிங்கம். வணிகவரித் துறையில் இருந்தேன். சர்வீஸில் பெரும்பகுதி கேரள எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் கழிந்தது. லாரியை நிறுத்துவது, தார்ப்பாயை அவிழ்ப்பது, உள்ளே இருப்பது என்ன, எதற்கு, யாருக்கு என்று கேட்பது. இவ்வளவுதான் வேலை. ஆனால் செய்கிறவன் செய்தால் அதுவும் ஒரு சாஸ்திரம். ஒரு முறை ஒரு லாரி வந்தது, நிறையச் சீப்பு. தலைசீவுகிற சீப்பு. பில் சரியாக இருந்தது, முத்திரை சரியாக இருந்தது. ஆனால் இவ்வளவு சீப்பு எதற்கு என்று கேட்டால் ஓட்டுநரால் சொல்ல முடியவில்லை. நிறுத்தி வைத்துவிட்டேன். மறுநாள் முதலாளியே நேரில் வந்தார். பார்த்தால் சுத்த வழுக்கை. என் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பொருளைப் பிடித்து வைப்பது என்றால் என்ன என்று எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் செய்தது எனக்கு அவ்வளவு உறுத்தியது. முறையாக வாங்கிய பொருள், கையில் பில் இருக்கிறது, ஆனால் இது எதற்கு என்று தங்களுக்குப் புரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இப்படிக் கூட ஓர் அதிகாரி நடந்துகொள்வானா? சொல்லுங்கள்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு மகள் பூரணி எங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே எங்களுக்கு இந்தச் சின்ன வீடு. என் மனைவி பெயர் உலகம்மாள், நான் உலகு என்பேன். உள்ளேதான் இருக்கிறாள், வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறாள். வந்ததும் அறிமுகம் செய்கிறேன்.

இங்கே வந்ததும் உலகுவுக்கு நேர்ந்த கஷ்டத்தைக் கேளுங்கள். சமையலறை முழுக்க மேடை. எல்லாம் நின்றபடி. நறுக்குவதற்கு ஒரு பலகை, ஒரு கத்தி. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். தென்காசி வீட்டில் அவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் நறுக்குவாள். கவனம் சிதறாது. இங்கே கப்பல் போகிறது, கடல்புறா போகிறது, இவள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றபடி நறுக்குகிறாள். பீன்ஸ் ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். ரேடியோவை வேறு போட்டுக்கொள்வாள். பாட்டுக்குக் கூடவே முனகல்.

அந்த முனகல்தான் என்னை உருக்கிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் சமையலறையில் பாடி நான் கேட்டதில்லை. மனதுக்குள் எவ்வளவு ஏக்கம் இருந்தால் ஒரு பெண் அப்படிப் பாடுவாள்? வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அரிவாள்மணை வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் புரிந்துகொண்டேன்.

ருசியும் மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. கத்தி என்பது மேலேயிருந்து கீழே அழுத்துவது. காய் நசுங்குகிறது. அரிவாள்மணையில் ஆயுதம் அசையாமல் நிற்கிறது, காய்தான் அதைத் தேடிப் போகிறது. தானாகப் போய் வெட்டுப்படுகிற காய்க்கும், தலையில் அடிபட்டுச் சாகிற காய்க்கும் ருசியில் வித்தியாசம் இருக்காதா? பூரணியிடம் இதை விளக்கினேன். அவள் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள்.

ஆக, எங்கள் கல்யாண நாளுக்கு உலகுவுக்குத் தெரியாமல் ஓர் அரிவாள்மணை வரவழைப்பது என்று முடிவு செய்தேன். தென்காசியில் என் அத்தை மகன் திரவியம் இருக்கிறான். அவனிடம் சொல்லி, கடையில் முறையாக, ஜிஎஸ்டி போட்ட பில்லோடு வாங்கச் சொன்னேன். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் குறையும் என்றான். யாரிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். பேசாமல் வாங்கினான். பலாமரப் பலகை, நல்ல இரும்பு. சாக்கில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பினான். உள்ளே இருப்பது என்ன என்று எழுதும் இடத்தில் அவன், இங்கேதான் அவன் கொஞ்சம் சறுக்கிவிட்டான், 'உட்கார்ந்து பயன்படுத்தும் அரிவாள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். பொய் இல்லை. ஆனால் படிக்கிற வெள்ளைக்காரன் மனதில் என்ன சித்திரம் எழும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். புதரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் காத்திருக்கிற மாதிரி இல்லையா?

கல்யாண நாள் வந்தது, பெட்டி வரவில்லை. கைப்பேசிக்குத் தகவல்தான் வந்தது. பொருள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வளைந்த கூர்மையான ஆயுதம், பயன் விளங்கவில்லை, பலகை மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இன்ன தேதிக்குள் விளக்கம் தராவிட்டால் அழித்துவிடுவோம் என்று.

வேறு வழியில்லாமல் உலகுவிடம் சொன்னேன். அப்போதுதான் குளித்துவிட்டு ஜன்னலருகே நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அருவாமணையா? எனக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். கத்தியை அப்படியே வைத்துவிட்டாள். வெளியே போகிற கப்பலைப் பார்த்தாள். பிறகு, "பிடிச்சு வச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பிடித்து வைத்துவிட்டார்கள்."

"நல்ல மனுஷங்க" என்றாள்.

என்ன ஒரு குத்தல் பாருங்கள். ஒரே சொல்லில் ஓர் அரசாங்கத்தையே சாய்த்துவிட்டாள். அந்தக் குத்தலில் இருந்த வேதனையைக் கேட்டுத்தான் நான் அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த அரிவாள்மணையை மீட்காமல் விடுவதில்லை என்று.

விளக்கம் எழுதினேன். நல்ல நீளமாகவே எழுதினேன். ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் அதன் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தமிழன் இரும்பை உருக்கியது எப்போது, காய்களில் நாட்டுக்காய் எது, வந்தேறிக் காய் எது, பந்தியில் கூட்டுக்கும் பொரியலுக்கும் நறுக்கும் அளவில் உள்ள வேறுபாடு, இப்படி. பூரணி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல அருவாமணை எங்க வருது?" என்றாள். கடைசிப் பக்கத்தில் வருகிறது என்றேன். கடைசிப் பக்கம் வரை அவள் போகவில்லை.

இதற்கிடையில் உலகு என்னைத் தடுக்கத் தொடங்கினாள். அவள் சுபாவம் அப்படி. தனக்காக யாரும் சிரமப்படக் கூடாது. முதலில், போனால் போகட்டும், வேற்று நாட்டில் அரசாங்கத்தோடு நமக்கு என்ன வம்பு என்றாள். பிறகு முழங்காலைக் காரணம் காட்டினாள். "தரையில உக்காந்தா என்னால எந்திரிக்க முடியலைங்க. முட்டு மடங்க மாட்டேங்கு. அந்தப் பிசியோ பொண்ணும் தரையில உக்காரவே கூடாதுன்னு சொல்லியிருக்கால்லா" என்றாள். பிசியோதெரபி பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் பிறந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள். தரையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? உட்கார்ந்து எழுவதே முழங்காலுக்கு மருந்து என்று நான் உலகுவுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் கடைக்குப் போய்ப் புதுக் கத்தி ஒன்று வாங்கி வந்தாள். மஞ்சள் கைப்பிடி போட்டது, விலை கூடியது. என் கண் முன்னாலேயே அதால் தக்காளி நறுக்கிக் காட்டி, "பாருங்க, எவ்வளவு லேசா போகுது, இதே போதும் எனக்கு" என்றாள். வருத்தத்தை மறைக்க மனிதர்கள் இப்படித்தான் எதையாவது வாங்குவார்கள். நான் மேலும் தீவிரமானேன்.

பூரணி ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அப்பா, இந்த அருவாமணை வேணுமான்னு அம்மாகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கல்யாணம் எதற்கு?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். வாதத்தில் என்னிடம் யாரும் நிற்க முடியாது தம்பி, அது என் வீட்டார் அனைவரும் ஒப்புக்கொள்கிற விஷயம். அந்த வெள்ளரிக்காயை இப்படி எடுத்துக் கொடுங்கள். ஆமாம், அதுதான். நன்றி.

எங்கே விட்டேன்? சுங்கத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண் அதிகாரி, பெயர் மெரே. இந்த மண்ணின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தி. நல்ல கனத்த குரல், சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிற குரல். என் விளக்கத்தை முழுவதும் படித்தேன் என்றாள். முழுவதும் படித்த ஒரே ஆள் அவள்தான், அதற்காகவே எனக்கு அவள் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. அவள் கேட்டது ஒரே கேள்வி. இதை உங்கள் வீட்டில் உபயோகிக்கப்போவது யார்?

என் மனைவி என்றேன்.

அவருக்கு இது அவசியமா?

இது இல்லாமல் அவளால் வாழவே முடியாது என்றேன்.

அப்படியானால் அவரையும் அழைத்து வாருங்கள், எப்படி உபயோகிக்கிறார் என்று எங்களுக்குக் காட்டட்டும், ஒரு காயும் கொண்டு வாருங்கள் என்றாள்.

உலகு வர மாட்டேன் என்றாள். பூரணியைக் கொண்டு சொல்ல வைத்தேன். பூரணி அவளிடம் தனியாக ஏதோ பேசினாள். அதன் பிறகு உலகு பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வெலிங்டன் காற்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அடித்த காற்றில் குடை இரண்டு தடவை பூவாக விரிந்துபோனது. ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் மறு கையில் சுரைக்காயையும் பிடித்துக்கொண்டு உலகு நடந்து வந்தாள். சுரைக்காய் என்று நான் சொல்வது இந்த ஊரில் சுரைக்காயென்று நாம் நினைத்துக்கொண்டு வாங்குகிற அந்தப் பச்சைக் காயை.

ஒரு நீள அறை. நடுவில் எஃகு மேசை. அதன் மேல், கழுத்தில் அட்டை கட்டி, என் அரிவாள்மணை. சவக்கிடங்கில் கிடத்தியிருப்பது போல. மெரே நேரில் பார்த்தால் இன்னும் பெரிய ஆகிருதி. கழுத்தில் பச்சைக் கல் ஒன்று தொங்கியது. கூட இரண்டு இளம் அதிகாரிகள். மரத்தில் பூச்சி இல்லை, சோதித்துவிட்டோம், பலகையில் சிக்கல் இல்லை என்றாள். ஆயுதமா இல்லையா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் தம்பி, நான் என் அனுபவத்தை எல்லாம் திரட்டிப் பேசினேன். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே பேசினேன். உலகத்தில் எந்த ஆயுதமாவது தன் சொந்தக்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? வாளை எடுங்கள், ஈட்டியை எடுங்கள், முனை எதிரியைப் பார்க்கும். இதை எடுங்கள், கூர் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறது. இதைக் கொண்டு ஒருவரைக் காயப்படுத்த வேண்டுமானால், அவர் தாமாகவே எதிரே வந்து, குனிந்து, தம் கழுத்தை நகர்த்தி நகர்த்திக் கொடுக்க வேண்டும். அவ்வளவு ஒத்துழைக்கிற எதிரி யாருக்குக் கிடைப்பான்?

இளம் அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெரே கைதட்டவில்லை, ஆனால் தட்டுகிற முகம். ஆயுதம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன் என்றாள். அப்படியானால் ஒருவர் நித்தமும் ஏன் அபாயமான ஒன்றின் எதிரே போய் உட்கார வேண்டும், அதை மட்டும் உங்கள் மனைவி காட்டட்டும் என்றாள். தரையில் ஒரு விரிப்புப் போட்டு அரிவாள்மணையை அதன் மேல் வைத்தார்கள்.

நான், "உட்காரு உலகு" என்றேன்.

உலகு அரிவாள்மணையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெரேவைப் பார்த்தாள். பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முழங்காலுக்கு நல்லது என்று அந்தப் பிசியோ பெண் சொன்னதிலிருந்து நீச்சல் குளத்துக்குப் போய்வருகிறாள், அங்கே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது எனக்குத் தெரியாது. இதை உபயோகிக்க எனக்குத் தெரியாது."

மெரே திரும்பவும் கேட்டாள். உலகு திரும்பவும் சொன்னாள். இப்படி ஒன்றை வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று ஒரு படி மேலேயும் போனாள்.

நான் பதறவில்லை. சபைக் கூச்சம். சோதனைச் சாவடியில் நான் பார்க்காததா? டார்ச்சை முகத்தில் அடித்தால் சொந்தப் பெயரை மறந்துபோகிற ஓட்டுநர்கள் உண்டு. அதிகாரம் எதிரே நின்றால் சாமானியர்களுக்கு அப்படி ஆகும். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் செய்த வேலை அவளுக்கு ஒரே நொடியில் துடைத்ததுபோல் மறந்துவிட்டது, பாவம்.

மெரே என் பக்கம் திரும்பினாள். உங்கள் வீட்டில் இதை உபயோகிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், இதை நான் யாருக்காக விடுவிப்பது என்றாள். இளம் அதிகாரி ஒருவன் அரிவாள்மணையின் கழுத்து அட்டையைக் கழற்றிப் பேனாவைத் திறந்தான். அவன் எழுதினால் அரிவாள்மணை உலைக்குப் போய்விடும்.

"நான்தான்" என்றேன்.

எப்படி வந்ததோ வார்த்தை. நான்தான் உபயோகிப்பேன் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தம்பி, இப்போது சொல்வதில் என்ன, அதுவரை நான் இதன் எதிரே உட்கார்ந்ததில்லை. இதன் தத்துவம் எனக்கு அத்துபடி, செய்முறை வேறு. எந்தக் கால் பலகை மேல், எந்தக் கால் கீழே என்பது பேச்சில் வராத விஷயங்கள். எப்படியோ உட்கார்ந்து, சுரைக்காயை ஒரு கையால் பிடித்து, பெருவிரலை முன்னால் நீட்டி, கூரை நோக்கி ஓங்கித் தள்ளப் போனேன்.

"விரல மடக்குங்க!"

உலகுதான். அறையே திடுக்கிட்டது. மறுகணம் அவள் விரிப்பின் ஓரத்துக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இந்தக் கால பலகை மேல போடுங்க. இப்படி இல்ல, அமுக்கி. ரெண்டு கையாலயும் பிடிங்க. பெருவிரல் உள்ளுக்குள்ள. தள்ளாதீங்க, அசைச்சு அசைச்சு குடுங்க, அது தானா வாங்கிக்கிடும்" என்றாள். அத்தனையும் தமிழில். நான் அசைத்து அசைத்துக் கொடுத்தேன். அது தானாக வாங்கிக்கொண்டது. முதல் துண்டு விரிப்பில் விழுந்ததும் இளம் அதிகாரிகள் கைதட்டினார்கள்.

பார்த்தீர்களா, கூச்சம் விலகியதும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

தமிழ் மெரேவுக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. உலகுவைப் பார்த்தாள், உலகு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெரே என்னைப் பக்கத்து அறையில் கையெழுத்துப் போட அனுப்பிவைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உலகு தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறாள். மெரே உடனே தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு இருவரும் சிரிக்கிறார்கள். உலகு அப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து எவ்வளவு காலமாயிற்று. வழக்கு நம் பக்கம் சாய்ந்துவிட்டது என்ற சந்தோஷம்.

நான் திரும்பி வந்ததும் மெரே தீர்ப்பைச் சொன்னாள். பொருள் விடுவிக்கப்படுகிறது. ஒரே நிபந்தனை. உபயோகித்துக் காட்டியவர் நீங்கள், ஆகவே இது உங்கள் பெயரில், உங்கள் உபயோகத்துக்கு மட்டுமே விடுவிக்கப்படுகிறது. வேறு யாரும், குறிப்பாகப் பயிற்சி இல்லாத யாரும், இதில் உட்காரக் கூடாது. அதைத் தன் கையாலேயே அந்த அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அதோ பாருங்கள், அடுப்புக்கு மேலே சுவரில். உலகுதான் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தாள். இந்தத் தேசத்திலேயே அரிவாள்மணையில் உட்கார அதிகாரபூர்வமாக அனுமதி பெற்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஆள் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் காய் என் பொறுப்பு. சட்டத்தை மதிக்க வேண்டும் அல்லவா? உலகு ஒரு நாளும் இதைத் தொட்டதில்லை, அவ்வளவு நேர்மை. தேங்காய் துருவ வேண்டும் என்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவாள், அட்டையைச் சுட்டிக் காட்டுவாள். இன்னொன்று கவனித்தேன். அரிவாள்மணை வந்த பிறகு அவளுக்கு ஊர்ச் சாப்பாட்டின் மேல் ஆசை திரும்பிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ரசம், ஏதோ ஒரு கறி என்று முடித்துவிடுவாள். இப்போது தினமும் அவியல், வாழைப்பூ, முட்டைக்கோஸ் பொரியல். கோஸ் பொடிப்பொடியாக இருக்க வேண்டும் என்பாள். நான் சொன்னேனே, அவள் மனதில் ஏக்கம் இருந்தது என்று, இப்போதாவது நம்புகிறீர்களா?

சுங்கத்திலும் சும்மா விட்டுவிடவில்லை, ஒழுங்காகப் பின்தொடர்கிறார்கள். சனிக்கிழமை தோறும் மெரே நேரில் வருகிறாள். சமையலறையை எட்டிப் பார்க்கிறாள். நான் அரிவாள்மணை முன்னால் இருந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். பிறகு உலகு சுட்டுத்தருகிற வடையைச் சாப்பிட்டுவிட்டு, அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போய்விடுகிறாள். ஆய்வு என்றால் அப்படி இருக்க வேண்டும். நான் சாவடியில் இருந்தபோது விடுவித்த லாரியை வீடு தேடிப் போய்ப் பார்த்ததில்லை. இது ஒன்றில் அவர்கள் நம்மைவிட மேல்.

இதோ உலகு வந்துவிட்டாள். உலகு, இவர்தான் அம்மிக்கல் தம்பி, திண்டுக்கல். அந்த நீச்சல் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லு, நம் வழக்கில் எவ்வளவு பாடுபட்டோம் என்று.

என்ன கேட்கிறாள் பாருங்கள். அவள் எப்போதும் இப்படித்தான், விஷயத்துக்கு வெளியேயிருந்து ஒரு கேள்வி கேட்பாள். "தம்பி, அம்மி யாருக்கு, வீட்ல அவங்களுக்கா? அவங்க கேட்டாங்களா?" என்கிறாள். சொல்லுங்கள் தம்பி, வெட்கப்படாதீர்கள். கேட்கவில்லையா? அதனால் என்ன, நானும்தான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்வதுதானே...

வெளியே ஹாரன் சத்தம். மெரேதான், இன்று சனிக்கிழமை அல்லவா. சரி உலகு, நீ போய்வா. கோஸ்தானே, நறுக்கி வைக்கிறேன், பொடியாகவே நறுக்குகிறேன். என்ன தம்பி, அவளைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறீர்கள்? அவள் என்ன சைகை காட்டினாள்?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், முக்கியமான பகுதிக்கே இன்னும் வரவில்லை. உங்களையும் செய்துகாட்டச் சொல்வார்கள். அம்மி ஆயுதம் இல்லை என்று சாதிப்பது அரிவாள்மணையை விடச் சுலபம், அதற்கு நான் வாதம் தயார் செய்து வைத்திருக்கிறேன். என்ன? அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடப் போகிறீர்களா? பில் இருக்கிறது, பொருள் உங்களுடையது, அப்படியே விட்டுவிடுவதா? முதலில் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போராட்டக் குணமே இல்லை.

சரி, போங்கள். போகும்போது அந்த முட்டைக்கோஸை மட்டும் இப்படி உருட்டிவிட்டுப் போங்கள். நானே எழுந்து எடுத்துக்கொள்வேன், இந்த முட்டுதான் கொஞ்ச நாளாகப் பிடித்துக்கொள்கிறது. வேறொன்றும் இல்லை, இந்த ஊர்க் குளிர்.